இனவெறியா, இனவாதமா?

ரேசிசம் (racism) என்பதற்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும்? கிறிஸ்தவச் சபைகளில் அதைப் பற்றிப் பேச்செடுத்தால் அறிவிப்பில் 'இனவெறி' என்றுதான் போடுகிறார்கள். போன கூட்டத்தில் மொழிபெயர்த்தவர் ஒருபடி மேலே போய் 'கட்டமைப்புசார் இனவெறி' என்றார். கட்டமைப்புக்கு எப்படி ஐயா வெறி பிடிக்கும்?

சொல்லின் கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ரேஸ் (race) 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ரேசிசம் அதைவிட மிக இளையது. 1930களில் நாஜிகளின் இனக்கொள்கையைச் சுட்டப்போய்த்தான் பரவியது. நம் 'இனம்' பழைய சொல். குறளில் 'சிற்றினம் சேராமை' என்று ஓர் அதிகாரமே உண்டு, ஆனால் அங்கே இனம் என்பது கூடிப் பழகும் கூட்டம், பிறப்பு அல்ல.

சிலர் சொல்லும் 'நிறவெறி' இங்கேயே அடிபட்டுப்போகிறது. நாஜிகள் யூதர்களைத் தோலின் நிறம் பார்த்தா ஒதுக்கினார்கள்?

இனவெறிக்கு வருவோம். வெறி என்றால் தலைக்கேறியது, அடித்து நொறுக்குவது. தீவட்டி ஏந்திக் கறுப்பர்களைத் துரத்திய கும்பலுக்கு அது சரியான சொல். ஆனால் தென்னாப்பிரிக்க டச்சு சீர்திருத்தச் சபை 1857இல் என்ன செய்தது? எல்லாரும் ஒன்றாகக் கூடி ஆராதிப்பதே வேதத்துக்கு ஏற்றது என்று ஒப்புக்கொண்டது. அப்புறம், 'சிலருடைய பலவீனத்தினிமித்தம்', அதாவது சேர்ந்து கூட மனமில்லாத வெள்ளையருக்காக, வெள்ளையரல்லாத விசுவாசிகள் தனியாகக் கூடலாம் என்று தீர்மானம் போட்டது. யாரும் குரலை உயர்த்தவில்லை, ஜெபத்தோடுதான் முடித்திருப்பார்கள். 1881இல் அவர்களுக்கென்று தனிச்சபையே உண்டானது. 1948க்குப் பிறகு நாடு முழுவதையும் இனவாரியாகப் பிரித்த சட்டங்களுக்கு அது முன்னோட்டம். இதில் வெறி எங்கே இருக்கிறது?

வெறி என்று சொன்னவுடன் கேட்பவர் தன்னை விலக்கிக்கொள்கிறார். "எனக்கு யார்மேலும் வெறுப்பில்லையே பாஸ்டர், நான் எதற்கு இந்தக் கூட்டத்துக்கு?" என்று ஒருவர் கேட்டார். அவர் பொய் சொல்லவில்லை. சொல்தான் அவருக்கு வாசலைத் திறந்துவிட்டது.

'இனவாதம்' என்பதுதான் என் கட்சி. வாதம் என்றால் ஒரு கோட்பாடு, ஒரு கூற்று: மனிதரில் பிறப்பால் மேல் கீழ் உண்டு என்னும் கூற்று. அதன்மேல் சட்டம் கட்டலாம், பாடத்திட்டம் கட்டலாம், பெஞ்சு வரிசையும் போடலாம். 'அமைப்புசார் இனவாதம்' என்றால் உதைக்கவில்லை. இலங்கை அரசியலில் இந்தச் சொல் சிங்களர், தமிழர் என்ற இனப்பூசலைச் சுட்டுகிறதே என்பார்கள். இருக்கட்டும், அங்கேயும் அது வெறும் கோபத்தைக் குறிப்பதில்லை. வாதம் வடசொல் என்று முகம் சுளித்த ஒரு நண்பர் 'இனவியம்' என்று செய்துகொடுத்தார். காதில் இனவியல், அதாவது இனங்களைப் பற்றிய படிப்பு, என்று விழுகிறது. தனித்தமிழ் எனக்கும் பிடிக்கும்தான், ஆனால் கேட்டவுடன் புரியாத தூய்மையை வைத்துக்கொண்டு கலந்துரையாடல் நடத்த முடியாது. 'இனப்பாகுபாடு' நல்ல சொல், ஆனால் அது செயலுக்கு. செயலின் அடியில் இருக்கும் கொள்கைக்கு அல்ல.

தென்னாப்பிரிக்காவில் 1881இல் உண்டான அந்தத் தனிச்சபைதான் 1982இல் பெல்ஹார் என்ற ஊரின் பெயரால் வழங்கும் விசுவாச அறிக்கையை எழுதி 1986இல் ஏற்றுக்கொண்டது. "நாங்கள் மறுக்கிறோம்" என்று அது திரும்பத் திரும்பச் சொல்வது எதை? யாருடைய வெறியையும் அல்ல, மனிதரைப் பிரிக்கும் போதனையை. அறிவிப்பு எழுதுகிறவர்கள் அகராதியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்துப் போடாமல், அந்த அறிக்கையைப் படித்துவிட்டு எழுதலாம்.