டிரையலுக்குப் போகும் தம்பிகளுக்கு: சீசனுக்கு முந்தைய ஆறு வாரங்கள்

ஜூலை பிறந்தால் எனக்கு ஒரே மாதிரி போன் வரும். "சார், பையனுக்கு ஒரு ஃபுட்பால் கிளப்புல ஆள் எடுக்கிற டிரையல் கிடைச்சிருக்கு. தொடையில லேசா பிடிப்பு இருக்குன்னு சொல்றான். அங்க போய் அதைச் சொல்லலாமா?" பேசுவது பெரும்பாலும் அப்பா. சில சமயம் அண்ணன். பையன் பக்கத்தில்தான் நிற்பான், ஆனால் போனை வாங்கிப் பேச மாட்டான்.

நான் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். தொழில்முறைக் கால்பந்து அணிகளின் பிரீ-சீசன் முகாம்களில், அதாவது சீசன் தொடங்கும் முன் நடக்கும் பயிற்சி முகாம்களில், வேலை பார்த்திருக்கிறேன். அந்த ஆறேழு வாரத்தில் உள்ளே என்ன நடக்கிறது, ஒரு அணி தன் ஆட்களை எப்படி முடிவு செய்கிறது என்பது சென்னை வியாசர்பாடியிலும் குமரி தூத்தூரிலும் பந்து உதைக்கிற பையன்களுக்கு யாரும் சொல்வதில்லை. தெரியாததால் பயப்படுகிறார்கள், பயத்தில் மறைக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு பையன். வயது 19, குமரிக் கடற்கரை ஊர்க்காரன், இடதுகாலால் ஆடும் விங்கர், அதாவது மைதானத்தின் ஓரத்தில் ஆடும் முன்கள வீரன். முகாமின் முதல் நாள் காலை, உடற்தகுதிச் சோதனை. கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து, கணுக்காலுக்குப் பின்னால் விசை அளக்கும் சின்னக் கருவியை வைத்து, "குதிகாலை இடுப்பு பக்கமா இழு தம்பி" என்றேன். வலது கால் நன்றாக இழுத்தது. இடது கால் அதில் முக்கால் பங்குகூட வரவில்லை. "முன்னாடி அடிபட்டிருக்கா?" "இல்ல சார்." உட்காரும் எலும்புக்குக் கீழே நான்கு விரல் தள்ளி கட்டைவிரலால் அழுத்தினேன். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் கால்விரல்கள் சுருண்டுகொண்டன. மறுபடி கேட்டேன். "இல்லவே இல்ல சார்."

'இடது தொடைப் பின்தசை பலவீனம், வேக ஓட்டத்துக்கு முன் மறுபரிசோதனை தேவை' என்று எழுதிக் கொடுத்தேன். இடதுகால் விங்கர் கிடைப்பது அரிது, கோச்சுக்கும் அவசரம். நான்காம் நாள் 40 மீட்டர் ஓட்டத்தில், முக்கால் தூரத்தில், யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்ததுபோல் நின்றுவிட்டான். கை தொடையின் பின்பக்கம் போயிற்று. ஸ்கேனில் புதுக் கிழிசலும் தெரிந்தது, அதன் ஓரத்திலேயே பழைய தழும்பும் தெரிந்தது. மூன்று மாதம் முன்பு ஊரில் அணிக்கு ஏழு பேர் ஆடும் ஒரு செவன்ஸ் போட்டியில் கிழிந்ததாம். எண்ணெய் போட்டு நீவிவிட்டு, டிரையலுக்கு முந்தின நாள் பக்கத்து ஊர் கிளினிக்கில் ஒரு ஊசியும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். நான் எழுதிக் கொடுத்ததோடு விட்டிருக்கக் கூடாது, அவனைக் கையைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். அன்றிலிருந்து அப்படி யாரையும் ஓடவிட்டதில்லை.

இந்தக் காயத்தின் பெயர் ஹாம்ஸ்ட்ரிங் கிழிசல். தொழில்முறை கால்பந்தில் மிக அதிகமாக வருவது இதுதான். ஐரோப்பாவின் பெரிய கிளப்களை யான் எக்ஸ்ட்ராண்ட் என்ற ஸ்வீடன் மருத்துவரின் குழு 2001 முதல் தொடர்ந்து கணக்கெடுத்து வருகிறது. 2001-02 சீசனில் மொத்தக் காயங்களில் 12 சதவீதமாக இருந்த ஹாம்ஸ்ட்ரிங், 2021-22ல் 24 சதவீதம் ஆகிவிட்டது. ஆட்டத்தின் வேகம் கூடிவிட்டது, தசை அதற்கு ஈடுகொடுக்கத் திணறுகிறது. ஒருமுறை கிழிந்த இடம் மறுபடி கிழியும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் பிசியோ முதல் கேள்வியாக "முன்னாடி அடிபட்டிருக்கா?" என்று கேட்கிறார். உங்களைக் கழித்துக்கட்டுவதற்காகக் கேட்பதில்லை. முதல் இரண்டு வாரம் உங்களை எவ்வளவு ஓடவிடலாம் என்று கணக்குப் போடத்தான் கேட்கிறார்.

அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று சொல்கிறேன். பிரீ-சீசன் திட்டம் முதல் லீக் ஆட்டத் தேதியிலிருந்து பின்னோக்கி எழுதப்படும். உதாரணமாக நாட்டின் முதல்நிலைக் கால்பந்து லீக்கான ஐ.எஸ்.எல்., 2024-25 சீசனில் செப்டம்பர் 13ஆம் தேதி தொடங்கியது. அப்படியென்றால் ஜூலையிலேயே ஆட்கள் கூடிவிட வேண்டும். முதல் சில நாட்கள் மருத்துவச் சோதனை, இரத்தப் பரிசோதனை, யோ-யோ டெஸ்ட். யோ-யோ டெஸ்டில் 20 மீட்டர் போய் 20 மீட்டர் திரும்பி ஓட வேண்டும், நடுவில் 10 விநாடிதான் ஓய்வு, பீப் சத்தம் போகப்போக வேகமாகிக்கொண்டே வரும். அப்புறம் இரண்டு மூன்று வாரம் காலையும் மாலையும் பயிற்சி. அதன் பிறகு நட்பு ஆட்டங்கள், முதலில் ஆளுக்கு 45 நிமிடம், பிறகு 60, கடைசியில்தான் 90. பனியனுக்குள் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் ஒரு சின்ன ஜி.பி.எஸ். கருவி இருக்கும். ஒரு ஆட்டத்தில் வீரர் 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுகிறார். அதில் எவ்வளவு முழு வேகத்தில் என்பதைத்தான் நாங்கள் பார்ப்போம். இரண்டு மாதம் வீட்டில் இருந்துவிட்டு வந்தவனை முதல் நாளே முழு வேகத்தில் ஓடவிட்டால் தசை கிழியாமல் என்ன செய்யும்?

ஆகஸ்ட் மாத வெயிலும் புழுக்கமும் தனிப் பாடு. உடம்பு வெக்கைக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும், ஐரோப்பாவிலிருந்து வரும் வீரர்களுக்கு இந்த நாட்களைக் கண்டிப்பாக ஒதுக்குவோம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்போம். ஒரு கிலோ குறைந்திருந்தால் அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் திரவம் உள்ளே போக வேண்டும், கொஞ்சம் உப்பும் சேர்த்து. நம் ஊர்ப் பையன்கள் "எனக்கு வெயில் பழக்கம் சார்" என்று சொல்லி தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். மாலைப் பயிற்சியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

ஆட்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற விஷயத்துக்கு வருகிறேன். ஒரு அணிக்கு மூன்று கோல்கீப்பர் வேண்டும். மற்ற பத்து இடத்துக்கும் ஆளுக்கு ஒரு மாற்று என்று வைத்தால் இருபது பேர். ஆக இருபத்து மூன்று. இதற்கு மேல் மிச்சமிருக்கும் மூன்று நான்கு இடம்தான் அகாடமிப் பையன்களுக்கும் டிரையலுக்கு வருபவர்களுக்கும். எக்ஸ்ட்ராண்ட் குழுவின் கணக்குப்படி 25 பேர் கொண்ட அணியில் ஒரு சீசனுக்குச் சுமார் 50 காயங்கள் வரும். கோச்சுக்கு இது மனப்பாடம். தினமும் மாலை என்னிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "நாளைக்கு யாரெல்லாம் ரெடி?" ரொம்பத் திறமையான பையனைவிட, தினமும் ரெடியாக இருக்கிற ஓரளவு திறமையான பையனை அவர் எடுத்துக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொரு கணக்கும் உண்டு. 2021-22 சீசனிலிருந்து ஐ.எஸ்.எல். ஆட்டத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டு வீரர்களுக்குத்தான் இடம். அதற்கு முன் ஐந்து. அந்த நால்வரை கிளப்கள் எங்கே வைக்கின்றன என்று கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் தற்காப்பின் நடுவில் நிற்கும் சென்டர் பேக், நடுக்களம், கோல் அடிக்க முன்னால் நிற்கும் ஸ்ட்ரைக்கர். கோல்கீப்பர், ஓரத் தற்காப்பில் ஆடும் விங் பேக், விங்கர் என்ற இடங்களில்தான் இந்திய வீரர்களுக்கு அதிக வாய்ப்பு. நம் பையன்களில் பாதிப் பேர் "நான் ஸ்ட்ரைக்கர்" என்றுதான் வருகிறார்கள். 2024-25 சீசனில் இந்திய வீரர்களிலேயே அதிக கோல் அடித்தவர் 40 வயது சுனில் சேத்ரி, 14 கோல். அந்த இடத்துக்கு இளம் ஆட்கள் வர வாய்ப்பு எவ்வளவு குறுகலாக இருக்கிறது என்று எனக்கு வருத்தம்தான். ஆனாலும் டிரையலுக்குப் போகிற பையனுக்கு என் யோசனை: இரண்டாவதாக ஒரு இடத்தில் ஆடப் பழகிக்கொண்டு போங்கள். இடதுகால்காரர் என்றால் இடது ஓரத் தற்காப்பில், லெஃப்ட் பேக்காக ஆடிப் பாருங்கள்.

இளம் இந்திய வீரர்களுக்கு உண்மையான கதவு பிரீ-சீசனில்தான் திறக்கிறது. வெளிநாட்டு வீரர்களுக்கு விசா வர வேண்டும், பழைய சங்கத்திலிருந்து பரிமாற்றச் சான்றிதழ் வர வேண்டும், அதற்குள் டூரண்ட் கோப்பை தொடங்கிவிடும். 1888ல் சிம்லாவில் ஆரம்பித்த பழைய போட்டி அது, இப்போது பல கிளப்களுக்கு அதுவே பிரீ-சீசன். 2023 ஆகஸ்ட் 12ஆம் தேதி அந்தக் கோப்பையில், ஒரே ஊர் எதிரிகள் மோதும் கொல்கத்தா டெர்பியில், ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 1-0 என்று வென்றது. நாலரை வருஷத்துக்குப் பிறகு டெர்பியில் கிடைத்த வெற்றி. அந்த ஒரே கோலை அடித்தவர் நம் சென்னைக்காரர் நந்தகுமார் சேகர், ஈஸ்ட் பெங்காலுக்கு அப்போதுதான் வந்திருந்தார். ஆகஸ்டில் உடம்பு தயாராக இருந்தவருக்குக் கிடைத்த வாய்ப்பு அது.

தேதியே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். நிறுத்திவைக்கப்படுகிறது என்று அறிவிப்பு வந்தது. பல கிளப்கள் முகாமையே தொடங்கவில்லை. லீக் பிப்ரவரியில் தொடங்கும் என்று 2026 ஜனவரியில்தான் சொன்னார்கள். அந்த மாதங்களில் எத்தனையோ வீரர்கள் தெரு மைதானத்தில் தனியாக ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் நான் சொன்னது ஒன்றுதான்: வாரத்துக்கு இரண்டு தடவையாவது முழு வேகத்தில் ஓடுவதை விட்டுவிடாதீர்கள். மெதுவோட்டம் மட்டும் ஓடி வந்தால் முதல் வாரமே தொடை போய்விடும்.

மருத்துவச் சோதனைப் பயத்தைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. ஃபிஃபாவின் வீரர் பரிமாற்ற விதிகளில் 18ஆவது பிரிவில் ஒரு வரி இருக்கிறது. மருத்துவச் சோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று கிளப் நிபந்தனை போட முடியாது. அதாவது சோதனையை முடித்துவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும், கையெழுத்துக்குப் பிறகு 'மெடிக்கலில் போய்விட்டாய்' என்று சொல்லி அனுப்பக் கூடாது. இதைக் கேட்டதும் சில பெற்றோர், "அப்போ கையெழுத்து ஆகிற வரைக்கும் மறைச்சிட்டா போதுமே?" என்பார்கள். அந்தக் குமரிப் பையன் மறைத்தது நான்கு நாள்கூடத் தாங்கவில்லை. உள்ளதைச் சொல்லி, பழைய ஸ்கேன் காகிதத்தையும் கொடுத்தால், "இவனுக்கு மூன்று வாரம் பொறுப்போம்" என்று கோச்சிடம் பேச எனக்கு ஒரு ஆதாரம் கிடைக்கும்.

அப்புறம் இதயம். ஈ.சி.ஜி. எடுக்க ஐந்து நிமிடம், வலியே கிடையாது. 2021 ஜூன் 12ஆம் தேதி யூரோ போட்டியில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் மைதானத்திலேயே இதயம் நின்று விழுந்ததை உலகமே பார்த்தது. அங்கேயே மின்னதிர்ச்சிக் கருவி இருந்ததால் பிழைத்தார், உடம்புக்குள் கருவி பொருத்திக்கொண்டு மறுவருஷமே மறுபடி ஆடினார். 2004 டிசம்பரில் பெங்களூரில் ஃபெடரேஷன் கோப்பை இறுதியாட்டத்தில் கோவா டெம்போ அணியின் கிறிஸ்டியானோ ஜூனியர் கோல் அடிக்கும்போதே கோல்கீப்பரோடு மோதி விழுந்தார், இதயம் நின்றுவிட்டது, பிழைக்கவில்லை. ஈ.சி.ஜி. எல்லாவற்றையும் காட்டிவிடாது. ஆனாலும் ஓடும்போது மயக்கம் வந்ததுண்டு, வீட்டில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்ததுண்டு என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். வீட்டில் பேசத் தயங்குகிற விஷயம்தான், ஆனால் டாக்டர் அறையில் தயங்கக் கூடாது.

ஊசி விஷயம். வலிக்கு என்று உள்ளூர் கிளினிக்கில் போடுகிற ஊசியில் பல நேரம் ஸ்டீராய்டு இருக்கும். 2022 ஜனவரி முதல் குளுக்கோகார்டிகாய்டு எனப்படும் இந்த மருந்தை எந்த வகையில் ஊசியாகப் போட்டாலும் போட்டி நேரத்தில் அது ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் வரும். "டாக்டர்தான் போட்டார், எனக்குத் தெரியாது" என்று சொன்னால் அங்கே எடுபடாது. சீட்டை வாங்கி வையுங்கள், மருந்தின் பெயரைக் கேளுங்கள். வலி தெரியாமல் ஓடுகிற கால் கூடுதலாகக் கிழியும் என்பது வேறு.

டிரையலுக்கு ஆறு வாரம் இருக்கிறது என்றால் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு பயிற்சி சொல்கிறேன். பாய் விரித்து முழங்காலிடுங்கள். அண்ணனோ தம்பியோ பின்னால் உட்கார்ந்து இரண்டு கணுக்காலையும் அழுத்திப் பிடிக்கட்டும். இடுப்பை மடக்காமல், உடம்பை ஒரே பலகைபோல வைத்து, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக முன்பக்கம் சாயுங்கள், முடியாத கட்டத்தில் கையை ஊன்றிக்கொள்ளுங்கள். முதல் வாரம் ஐந்து முறை, இரண்டு செட் போதும். மறுநாள் தொடை வலிக்கும், பயப்பட வேண்டாம். நார்டிக் பயிற்சி என்று இதற்குப் பெயர். தொடர்ந்து செய்த அணிகளில் ஹாம்ஸ்ட்ரிங் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஏற்கனவே கிழிசல் இருந்தால் மட்டும் முதலில் ஒரு பிசியோவிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள். கூடவே ஃபிஃபா 11+ வார்ம்-அப், 15 பயிற்சி, 20 நிமிடம், ஒரு பைசா செலவில்லை.

அந்தக் குமரிப் பையனுக்கு அந்த வருஷம் ஒப்பந்தம் கிடைக்கவில்லை. தொடை ஆற நான்கு மாதம் ஆயிற்று. அடுத்த ஜூலையில் வேறொரு முகாமில் என் மேசை முன் வரிசையில் நின்றான். நான் பெயரைக்கூடக் கேட்கவில்லை, அதற்குள் பிளாஸ்டிக் உறையிலிருந்து பழைய ஸ்கேனையும் மருந்துச் சீட்டுகளையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டு, "சார், இடது கால், போன ஜூலையில. இப்போ நார்டிக் எட்டு முறை போறேன்" என்றான்.