லோரி ஏறுன பிறகுதான் விலை தெரியுதுனா விவசாயி எப்படி பொழைப்பாரு?

சின்ன விவசாயிகள மார்க்கெட்டோட சேத்து விடணும்னு எந்த செமினாருக்கு போனாலும் சொல்றாங்க. நான் மலேசியாவுல கேஎல்ல (கோலாலம்பூர்) காய்கறி சப்ளை வேலையில இருக்கேன், பண்ணையில இருந்து வர்ற சரக்க தரம் பிரிச்சு சூப்பர்மார்க்கெட், ஹோட்டல், வாழையிலை கடைனு அனுப்புறதுதான் என் பொழப்பு, அதனால சொல்றேன், அவங்க ஏற்கனவே மார்க்கெட்டுக்கு உள்ளதான் இருக்காங்க. பிரிக்பீல்ட்ஸ்ல நீங்க சாப்பிடற ரசத்துல உள்ள தக்காளி, பொரியல்ல உள்ள பீன்ஸ், இதெல்லாம் கேமரன் மலையில ரெண்டு மூணு ஏக்கர்ல பாடுபடற குடும்பத்துகிட்ட இருந்து வந்ததாவே இருக்கலாம். கம்போங் ராஜா, புளூ வேலி பக்கம் நம்ம தமிழ் ஆளுங்களே போடறாங்க.

உலகக் கணக்கும் கொஞ்சம் பாருங்க. 2021ல வந்த ஒரு ஆய்வுப்படி, ரெண்டு ஹெக்டேருக்கு கீழ உள்ள பண்ணைங்கதான் மொத்த பண்ணையில 84 சதவீதம், அவங்ககிட்ட இருக்கற நிலம் 12 சதவீதம் போலதான், ஆனா உலகத்து சாப்பாட்டுல ஏறக்குறைய 35 சதவீதம் அவங்க விளைச்சல். வாட்ஸாப்ல 70 சதவீதம், 80 சதவீதம்னு சுத்துது, அத நம்பாதீங்க. கூட்டி சொல்லவே தேவையில்ல, அவ்ளோ கொஞ்ச நிலத்துல இவ்ளோ சாப்பாடுங்கறதே பெரிய விஷயம்.

அப்போ பிரச்சன எங்கன்னா, எந்த கண்டிஷன்ல உள்ள இருக்காங்கங்கறதுலதான்.

நெறைய இடத்துல நடக்கறது இதான். காலைல இருந்து பறிச்சு, பக்குல்ல (கூடையில) அடுக்கி, சாயங்காலம் லோரி ஏத்தி விடுவாங்க, ராத்திரி கேஎல் சிலாயாங் போரோங் (மொத்த விலை) மார்க்கெட்ல எறங்கும். ஏத்தும்போது விலை பேச்சே கெடையாது. வித்து முடிச்சு மறுநாளோ அதுக்கு அடுத்த நாளோதான் இன்ன விலைக்கு போச்சுன்னு போன்ல சொல்லுவாங்க, அதுலயும் லோரி கூலி, கமிஷன், பக்குல் காசு, அழுகல் கழிவு எல்லாம் போய்தான் கைக்கு வரும். அந்த அழுகல யார் எடை போட்டா, எத்தன கிலோ, விவசாயி பாத்தாரான்னு கேட்டா பதில் இருக்காது. மழை அவர் தலையில, பூச்சி அவர் தலையில, உர விலை அவர் தலையில, விலைய மட்டும் எல்லாருக்கும் கடைசியா அவர் தெரிஞ்சுக்கறாரு, இது எனக்கு எத்தன வருஷம் பாத்தும் மனசு ஆறாத விஷயம்.

உடனே நடுவுல உள்ள தவ்கேய, அதாவது சரக்க வாங்கி விக்கற முதலாளிய எல்லாம் திட்டிடாதீங்க. பேங்க் கடன் கெடைக்காத நேரத்துல விதை, உரம், மருந்து எல்லாம் கடனுக்கு குடுக்கறதும் பல எடத்துல அவருதான், விக்காத சரக்கு அவர் தலையிலயும் விழும். ஆனா அந்த கடன் இருக்கற வரைக்கும் சரக்கு அவருக்குதான் போகணும், வேற ஆளு நல்ல விலை குடுத்தாலும் வாய தொறக்க முடியாது. ஒரே வழிய நம்பி இருந்தா என்ன ஆவும்னு 2020 மார்ச்ல கொரோனாவுக்கு எம்சிஓ (ஊரடங்கு) போட்டப்ப பாத்தோம், ரோடும் மார்க்கெட்டும் முடங்கி கேமரன்ல நல்ல காய்கறிய கொட்டினாங்க, இங்க கேஎல்ல ஜனங்க காய் இல்லாம வரிசையில நின்னாங்க.

சரி, சூப்பர்மார்க்கெட்டுக்கு நேரா குடுக்கலாமேன்னு கேப்பீங்க. குடுக்கலாம், ஆனா தினமும் ஒரே அளவு, ஒரே சைஸ் வேணும், பணம் வர மாசம் ஒன்னு ரெண்டு ஆவும், இலையில ஓட்டை இருந்தா ரிஜெக்ட். மைகேப் (myGAP), அதாவது நல்ல விவசாய முறைக்கு அரசாங்கம் குடுக்கற சர்டிபிகேட் இருக்கான்னும் கேப்பாங்க. அது நல்ல திட்டம்தான், எந்த மருந்து எந்த தேதியில அடிச்சீங்க, எத்தன நாள் கழிச்சு பறிச்சீங்கன்னு எழுதி வைக்கணும், சாப்பிடறவங்களுக்கு அதுதான பாதுகாப்பு. ஆனா நிலத்துக்கு முறையான பேப்பர் காட்டணும்ல, அங்கதான் மாட்டுது. பலபேர் கையில இருக்கறது டிஓஎல்ங்கற (TOL) தற்காலிக நில லைசென்ஸ்தான், நில சட்டப்படி அது அந்த வருஷம் டிசம்பர் 31 வரைக்கும்தான் செல்லும், பெறகு மறுபடி புதுப்பிக்கணும். அதுகூட இல்லாதவங்க நெலம என்னன்னு 2018 கடைசியில கேமரன் கோலா தெர்லாவுல அதிகாரிங்க பண்ணைய ஒடச்சப்ப தெரிஞ்சுது. ஒரு வருஷ பேப்பர வச்சுகிட்டு எவன் மழை கூடாரத்துக்கும் சொட்டு நீருக்கும் காச போடுவான்? அரசாங்கம் நீண்ட கால குத்தகை குடுக்காம விவசாயிய மட்டும் தரத்த ஏத்துன்னு சொல்றது நியாயமே இல்ல.

விவசாயி வீட்டு பிள்ளைங்க இத படிச்சா, அப்பாவுக்கு இத செஞ்சு குடுங்க. பாமா (FAMA), அதாவது அரசாங்கத்தோட விவசாய சந்தை வாரியம், தினமும் பண்ணை விலை, மொத்த விலை, சில்லற விலை மூணையும் போடறாங்க, காலைல பாத்து அப்பா போனுக்கு அனுப்புங்க, மொத்த விலை தெரிஞ்சு பேசறவரும் தெரியாம பேசறவரும் ஒன்னு இல்ல. லோரி ஏத்தும்போதே எடை போட்டு சீட்டு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட சொல்லுங்க, அழுகல் கழிச்சா போட்டோ கேளுங்க. பக்கத்து நாலு பண்ணை சேந்து ஒரே லோரி பிடிச்சா கூலியும் கொறையும், அளவும் சேரும், நான் பாத்த வரைக்கும் சூப்பர்மார்க்கெட்ல நெலச்சு நிக்கறது இப்படி சேந்து குடுக்கறவங்கதான். 2008ல வந்த பாமா விதிப்படி தரம் பிரிக்கறது, பேக்கிங், லேபிள் எல்லாத்துக்கும் முறை இருக்கு, அத கத்துகிட்டா ரிஜெக்ட் கொறையும். மொத்தத்தையும் ஒரே ஆளுக்கு போடாம கொஞ்சம் பாசார் தானிக்கும் (விவசாயிங்க நேரா விக்கற சந்தை) ஒதுக்குங்க, 1985ல இருந்து நடக்குது, காசு அன்னிக்கே கையில.

சாப்பாட்டு கடை வச்சிருக்கறவங்களுக்கு ஒன்னு கேக்கறேன். கோணலான பீன்ஸ நறுக்கி பொரியல் போட்டா யாருக்கும் தெரியாது, அத நியாயமான விலைக்கு எடுங்க. வாரா வாரம் பணத்த குடுங்க, அறுபது நாள் இழுக்காதீங்க, அவரு உரத்துக்கு அந்த காசதான் நம்பி இருக்காரு. தீபாவளி, கல்யாண சீசனுக்கு தக்காளி கூட தேவைன்னா மூணு மாசம் முன்னாடியே எவ்ளோ வேணும், என்ன விலைன்னு பேசி எழுதி குடுத்துடுங்க, நாத்து நட்டு பழம் பறிக்கவே ரெண்டு ரெண்டரை மாசம் ஆவுது.