காதலர் தினக் குக்கிகள்: ருசி பார்க்கும் விரலும், பெட்டியில் எழுதாத பருப்பும்

பேக்கிங் பயிற்சி அளிப்பவர்களுக்குக் கிறிஸ்துமஸுக்கு அடுத்தபடியாகக் கூட்டம் சேருவது பிப்ரவரியின் முதல் இரண்டு வாரங்களில்தான். வருபவர்களில் பலர் அதற்கு முன் ஓவனைத் தொட்டுக்கூடப் பார்த்திராதவர்கள். கடையில் வாங்கிய கேக்கைக் கொடுப்பதைவிடத் தம் கையால் செய்த ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்ற ஆசையே அவர்களை அழைத்து வருகிறது. அவர்களுக்கு நான் முதலில் கற்றுத் தருவது ஷார்ட்கிரஸ்ட் வகை, அதாவது வாயில் போட்டதும் உதிரும் வகை, வெண்ணெய்க் குக்கிகளைத்தான். கேக்கைப் போல உப்பி எழவேண்டிய கட்டாயம் இதற்கு இல்லை. இதய வடிவ அச்சில் வெட்டினால் வெட்டிய வடிவம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் கெடாமலும் இருக்கும்.

அளவு மிக எளியது. ஜெர்மானிய பேக்கர்கள் இதனை 1–2–3 என்றே நினைவில் வைத்திருக்கிறார்கள்: ஒரு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு வெண்ணெய், மூன்று பங்கு மாவு. அதாவது 100 கிராம் பொடித்த சர்க்கரை, 200 கிராம் வெண்ணெய், 300 கிராம் மைதா. நம் ஊர் பேக்கரியில் கண்ணாடி ஜாடிக்குள் இருக்கும் நெய் பிஸ்கட்டும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். புரோட்டா மாஸ்டர் மாவை அடித்து, இழுத்து, வீசி எதை வரவழைக்கிறாரோ, அது இங்கே வரவே கூடாது. மாவிலுள்ள புரதம் தண்ணீரோடு சேர்ந்து பிசைபடும்போது குளூட்டன் என்னும் இழுவைத்தன்மை உண்டாகிறது. மாவுத் துகள்களை வெண்ணெய் முதலிலேயே பூசி மூடிவிட்டால் தண்ணீர் அவற்றை எளிதில் எட்டுவதில்லை, ஆகவே குக்கி வாயில் போட்டதும் மணலாக உதிர்கிறது. இந்த வகைக்குப் பிரெஞ்சில் வழங்கும் 'சாப்லே' என்ற பெயரின் பொருளும் மணல் போன்றது என்பதே. ஆகவே மாவு ஒன்றுசேர்ந்த கணத்திலேயே பிசைவதை நிறுத்திவிட வேண்டும். நம் சமையலறையின் பிற்பகல் வெப்பத்தில் வெண்ணெய் விரைவில் உருகிவிடும் என்பதால், இதைக் காலையிலேயே செய்து, தேய்த்து, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து வெட்டி, 170 டிகிரி செல்சியஸுக்கு முன்கூட்டியே சூடேற்றிய ஓவனில் 12 முதல் 15 நிமிடம் வரை, ஓரம் மட்டும் லேசாகப் பொன்னிறமாகும் வரை வேகவைத்தால் போதும்.

செய்முறை இவ்வளவுதான். நான் இங்கே எழுத வந்தது, வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் கண்ணெதிரே நடக்கும் சில பழக்கங்களைப் பற்றி.

முதலாவது, விரல். மாவு திரண்டதும் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேரின் விரல் தானாகவே கிண்ணத்துக்குள் சென்று வாய்க்குப் போகிறது. தடுத்தால் வரும் பதிலும் ஒன்றேதான்: "முட்டையே சேர்க்கவில்லையே, மேடம்!" பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பது ஓரளவு பரவலாகத் தெரிந்திருக்கிறது, மைதாவும் பச்சைப் பொருள்தான் என்பது ஏனோ யாருக்கும் தோன்றுவதில்லை. கோதுமை திறந்த வயலில் விளைவது. கால்நடைகளின் சாணம், பறவைகளின் எச்சம், பாசன நீர் ஆகியவற்றின் வழியாக ஈ.கோலை, சால்மொனெல்லா போன்ற கிருமிகள் தானியத்தில் ஒட்டக்கூடும். அரைவை ஆலை தானியத்தைப் பொடியாக்குகிறதே தவிர, வேகவைப்பதில்லை. உலர்ந்த மாவில் அந்தக் கிருமிகள் பெருகுவதில்லை என்றாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

இது வெறும் ஊகம் அன்று. 2009ஆம் ஆண்டு அமெரிக்காவில் பாக்கெட்டில் விற்கப்பட்ட பச்சைக் குக்கி மாவைத் தின்ற 70க்கும் மேற்பட்டோர் ஈ.கோலை தொற்றால் நோயுற்றார்கள். அப்போதே மாவின் மீது சந்தேகம் எழுந்தது. 2016இல் அதே நாட்டில் 24 மாநிலங்களில் 63 பேரைப் பாதித்த தொற்றின்போது, கிருமி கோதுமை மாவிலேயே இருந்தது ஆய்வகச் சோதனையில் உறுதியாயிற்று. இந்த வகை ஈ.கோலையால் இரத்தத்தோடு கூடிய வயிற்றுப்போக்கும், சிலருக்கு, குறிப்பாகச் சிறு குழந்தைகளுக்குச் சிறுநீரகச் செயலிழப்பும் நேரலாம்.

அப்படியானால் மைதாவைக் கடாயில் வறுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வறுத்துப் பழகிய கைகள் நம்முடையவை அல்லவா! ஆனால் ஈரமில்லாத மாவில் கிருமிகள் வெப்பத்தை வெகுவாகத் தாங்கிக்கொள்கின்றன. கடாயில் ஓரிடம் கருகுகையில் இன்னோரிடம் வெதுவெதுப்பாகவே இருக்கும். வீட்டில் இப்படிச் சூடுபடுத்துவதை நம்ப வேண்டாம் என்றே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் அறிவுறுத்துகிறது. ஓவனில் வேகும் குக்கிக்கு இந்தக் கவலை இல்லை. ஈரத்தோடு சேர்ந்த வெப்பம் உள்வரை சென்று கிருமிகளை அழித்துவிடுகிறது. கவலையெல்லாம் விரலில் எடுக்கும் பச்சை மாவையும், அண்மைக் காலமாகப் பச்சைக் குக்கி மாவை உருட்டிச் சாக்லேட்டில் முக்கி அன்பளிப்பாகக் கொடுக்கும் வழக்கத்தையும் பற்றியதுதான். பச்சை மாவைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குளிர்ந்த குக்கிகளை அடுக்குவதும் அதே தவறே.

இனி, பருப்பு. இத்தாலியின் பியமாண்ட் பகுதியில் உள்ள தோர்த்தோனா நகரத்துக்குப் புகழ் சேர்த்த குக்கி ஒன்று உண்டு. அதன் பெயர் 'பாச்சி தி தாமா', அதாவது சீமாட்டியின் முத்தங்கள். அரைத்த ஹேசல்நட் என்னும் கொட்டைப் பருப்பு, வெண்ணெய், சர்க்கரை, மாவு ஆகியவற்றைச் சம அளவில் சேர்த்துச் சிறு அரைக்கோளங்களாக வேகவைத்து, இரண்டிரண்டாகச் சாக்லேட்டால் ஒட்டுவார்கள். பார்ப்பதற்கு இரு இதழ்கள் சேர்ந்ததுபோல இருக்கும். காதலர் தினத்துக்கு இதைவிடப் பொருத்தமான பண்டம் கிடைக்காது. ஹேசல்நட் இங்கே விலை அதிகம் என்பதால் பாதாம் சேர்த்து இதையே வகுப்பில் செய்து வந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி, தமக்கு நிச்சயிக்கப்பட்டவருக்காக இதனைக் கற்றுக்கொள்ள வந்தார். மாவை உருட்டிக்கொண்டிருக்கையில், அவருக்குப் பாதாம் 'ஒத்துக்கொள்வதில்லை' என்று எப்போதோ சொன்ன நினைவு என்றார். ஒத்துக்கொள்ளாது என்னும் சொல் நம்மிடையே மிகவும் ஆபத்தான சொல். வாயுத்தொல்லை முதல் மூச்சுத்திணறல் வரை எல்லாவற்றுக்கும் அதுவே பெயர். உடனே தொலைபேசியில் கேட்கச் சொன்னேன். சிறுவயதில் பாதாம்பால் குடித்து உதடும் முகமும் வீங்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்களாம். அன்றைக்கு உருட்டிய முத்தங்களை மற்ற மாணவர்கள் பகிர்ந்துகொண்டார்கள்.

பலரும் அறியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒவ்வாமை உள்ளவர் அந்தப் பருப்பைத் தாமே உண்ண வேண்டும் என்பதில்லை. உண்டவர் கொடுக்கும் முத்தமே போதும். நிலக்கடலை உண்டவர்களின் உமிழ்நீரில் ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் தங்குவதை 2006இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. உடனே பல் துலக்கினாலும் அது முழுதும் போய்விடும் என்று சொல்ல இயலாது. சில மணி நேரம் கழித்து, கடலை இல்லாத உணவு ஒன்றையும் உண்ட பிறகே உமிழ்நீரில் அது தென்படவில்லை. ஆகவே தமக்கென்று தனியாகப் பாதாம் குக்கியும் அவருக்கென்று வெறும் குக்கியும் செய்துகொள்ளலாம் என்ற ஏற்பாடு அன்றைய மாலைக்கு உதவாது.

அலங்காரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிப்ரவரியில் ஓசூரிலிருந்து வரும் நீண்ட தண்டு ரோஜாக்கள் குவளையில் வைப்பதற்காக வளர்க்கப்படுபவை. அவற்றுக்குப் பூச்சிமருந்து அடிப்பவர்கள், அவற்றைத் தின்பவர்களும் இருப்பார்கள் என்று எண்ணி அடிப்பதில்லை. அந்த இதழ்களைக் காயவைத்துக் குக்கியின் மேல் தூவ வேண்டாம். உணவுக்கென்று விற்கப்படும் உலர்ந்த இதழ்கள் கிடைக்கின்றன. மினுமினுக்கும் பொடிகளிலும் இதே கவனம் தேவை. 2018இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிறந்தநாள் கேக் உண்ட ஆறு குழந்தைகள் வாந்தி எடுத்தார்கள்; கேக்கின் மேல் பூசப்பட்ட ரோஜாப் பொன்னிறப் பொடி உண்மையில் செம்புத் தூள். 'நச்சற்றது' என்று டப்பாவில் எழுதியிருப்பதும் 'உண்ணத்தக்கது' என்று எழுதியிருப்பதும் ஒன்றல்ல. உட்பொருட்களின் பட்டியலும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் உரிம எண்ணும் இல்லாத பொடியை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் வாங்குவதில்லை.

வெண்ணெய்க்குப் பதில் வனஸ்பதி போடலாமா என்ற கேள்வியும் தவறாமல் வரும். 2022 ஜனவரி முதல் இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் இதயத்துக்குக் கேடான டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். ஆகவே பழைய அச்சம் குறைந்திருக்கிறது. ஆனால் ருசி குறையும், நாக்கில் மெழுகுப் படலம் போல ஒட்டும். வருடத்துக்கு ஒருமுறை செய்வதற்கு 200 கிராம் வெண்ணெயில் மிச்சம் பிடிப்பானேன்? உப்பு சேர்த்த வெண்ணெய் என்றால் தனியாக உப்புப் போடாதீர்கள்.

அந்த மாணவி மறுவாரம் மீண்டும் வந்தார். இம்முறை ஏலக்காய் சேர்த்த எளிய வெண்ணெய்க் குக்கி. சர்க்கரையைப் பொடிக்க மிக்ஸி ஜாரை எடுத்தவரை நான் தடுக்க வேண்டியிருந்தது. முந்தைய வாரம் பாதாம் அரைத்த ஜார் அது; பிளேடின் அடியிலும் மூடியின் ரப்பர் வளையத்திலும் தங்கும் தூளை எத்தனை முறை கழுவினாலும் முழுதும் போயிற்று என்று என்னால் உறுதி கூற முடியாது. கடைக்குச் சென்று பொடித்த சர்க்கரைப் பாக்கெட் ஒன்று வாங்கி வந்தார்; மேசையைத் துடைத்து, புதிய பட்டர் பேப்பர் விரித்து, பிரிக்காத மைதாப் பாக்கெட்டைப் பிரித்தோம். ஆறிய குக்கிகளைப் பெட்டியில் அடுக்கியபின், வாழ்த்து அட்டையின் பின்புறத்தில் சேர்த்த பொருட்களை ஒவ்வொன்றாக எழுதினார்: மைதா, வெண்ணெய், சர்க்கரை, ஏலக்காய். பிறகு சர்க்கரைப் பாக்கெட்டை எடுத்து அதன் பின்புறத்தைப் படித்துவிட்டு, ஐந்தாவதாகச் சோள மாவு என்று சேர்த்தார்.