பூட்டிய பெட்டிக்குள் உங்கள் கிரான் வரி எப்படிப் போகிறது?

சிங்கப்பூரின் யீஷூனிலிருந்து ஒரு பாலிடெக்னிக் மாணவர் கேட்டிருந்தார்: "தினமும் காலை 6 மணிக்கு பால்கனி வெப்பநிலையைப் பதிவு செய்ய, ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் கிரான் வேலை வைத்தேன். எடிட்டரை விட்டு வெளியே வரவே தெரியவில்லை. அப்புறம் சுடோ போட்டுச் செய்தேன். ஓடுகிறது, ஆனால் பதிவுக் கோப்பை என்னாலேயே திருத்த முடியவில்லை. ஏன்?"

கிரான் என்பது குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் நிரல். அதன் பட்டியலைத் திருத்தும் கட்டளை கிரான்டேப். சுடோ போட்டால் கட்டளை ரூட்டாக, அதாவது எல்லா உரிமையும் உள்ள நிர்வாகிக் கணக்காக, ஓடும். எடிட்டர் சங்கதி எளிது. விம் என்ற எடிட்டர் திறந்துகொண்டால் எஸ்கேப் தட்டி, முக்காற்புள்ளி, டபிள்யூ, கியூ அடித்து என்டர். எளிய எடிட்டரான நேனோதான் வேண்டுமென்றால் 'எடிட்டர்' சூழல் மாறியில் அதன் பெயரைப் போட்டுவிடுங்கள். விஎஸ் கோட் வைத்தால் ஒரு சிக்கல் உண்டு. கிரான்டேப் உங்கள் பட்டியலின் நகலை எடிட்டரிடம் கொடுத்துவிட்டு, அது முடிகிறவரை காத்திருக்கும். விஎஸ் கோட் கட்டளையோ ஜன்னலைத் திறந்த கையோடு திரும்பிவிடும். நீங்கள் ஓர் எழுத்து தட்டுவதற்குள் 'மாற்றம் இல்லை' என்று கதை முடிந்துவிடும். அந்தக் கட்டளையோடு 'வெயிட்' என்ற தேர்வைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

அனுமதிதான் எனக்குப் பிடித்த இடம். டெபியன், உபுண்டு, ராஸ்பெரி பை ஆகிய லினக்ஸ் வகைகள் எல்லாவற்றிலும் எல்லோருடைய கிரான் பட்டியல்களும் ஒரே கோப்புறையில் இருக்கின்றன. அதன் அனுமதி எண் 1730. ரூட்டுக்கு (7) எல்லாம் முடியும். 'கிரான்டேப்' என்ற குழு (3) உள்ளே எழுதலாம், என்னென்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. மற்றவர்களுக்கு (0) ஒன்றுமே கிடையாது. நம் புளோக்கின் கீழ்த்தளத் தபால் பெட்டியில் யார் வேண்டுமானாலும் துண்டுச்சீட்டு போடலாம், எடுத்துப் பார்க்க முடியாது, இல்லையா? அதே ஏற்பாடுதான். முன்னால் நிற்கும் 1, ஒருவர் போட்டதை இன்னொருவர் அகற்றாமல் தடுக்கிறது.

ஆனால் நீங்கள் அந்தக் குழுவில் இல்லையே! கிரான்டேப் நிரலின் அனுமதி வரிசையைப் பாருங்கள்: குழுவுக்கான எக்ஸ் (ஓட்டும் அனுமதி) இருக்கவேண்டிய இடத்தில் எஸ் இருக்கும். நிரல் ஓடுகிற அந்த நேரத்துக்கு மட்டும் குழுவின் உரிமை அதற்கு வருகிறது. உங்கள் வரிகளைச் சரிபார்த்து, உங்கள் பெயரிலேயே கோப்பைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு முடிந்துபோகிறது. அதிகாரத்தை ஆளுக்குக் கொடுக்காமல் ஒரு வேலைக்குக் கொடுப்பது! நிரலை அதன் உரிமையாளரின் உரிமையோடு ஓடவிடலாம் என்று, யூனிக்ஸ் இயங்குதளத்துக்காக டென்னிஸ் ரிட்சி கண்டுபிடித்து, 1979இல் காப்புரிமை பெற்ற யோசனையின் உடன்பிறப்பு இது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காது.

அதனால்தான் எதற்கெடுத்தாலும் "777 போடு" (எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடு) என்பவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது. ஏன் என்று கேட்காமல் கட்டிக்கொள்ளும் தாயத்து அது. கிரான்டேப் நிரலுக்கு 777 போட்டால் எஸ் அழிந்துவிடும், 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வர ஆரம்பிக்கும். பட்டியல் கோப்புக்குப் போட்டாலோ, 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) இல்லை என்று கிரான் அதை ஒதுக்கிவிடும். நிரலின் எஸ் போயிருந்தால், குழுவை 'கிரான்டேப்' என்று மாற்றி, அப்புறம் 2755 கொடுங்கள்; முன்னால் நிற்கும் 2தான் அந்த எஸ்.

மாணவருக்கு வருவோம். சுடோ போட்டதால் நீங்கள் திருத்தியது ரூட்டின் பட்டியலை. வேலை ரூட்டாக ஓடியது, கோப்பும் ரூட்டுடையதாகிவிட்டது. அங்கிருக்கும் வரியை அழித்து, சுடோ இல்லாமல் உங்கள் பட்டியலில் எழுதுங்கள். பழைய கோப்பை 'சௌன்' கட்டளையால் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். கடிகாரம் யூடிசியில் (சிங்கப்பூருக்கு 8 மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரத்தில்) இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் மணி என்ற இடத்தில் 22 என்று எழுதவேண்டும். 6 என்றே விட்டால், பால்கனியில் நீங்கள் அளப்பது பிற்பகல் 2 மணி வெயிலை.