மூன்று பவுன் எடையில் ஒரு நெடும்பயணம்

தை பிறந்தால் காரைக்குடிப் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர் வற்றத் தொடங்கும். கரையோரம் சேறு தெரிய ஆரம்பித்ததும், சிட்டுக்குருவி அளவில் சாம்பல் நிறப் பறவைகள் அதில் வந்து இறங்கும். கோழி கொத்துவதை வீடியோவில் வேகமாக ஓட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படிக் கொத்திக்கொண்டே ஓடும். இதுதான் கொசு உள்ளான். எடை ஏறக்குறைய 25 கிராம், நம் ஊர்க் கணக்கில் மூன்று பவுன். முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதோ சைபீரியாவின் வடகோடியில். அங்கிருந்து நம் கண்மாய்க்குச் சுமார் 7,000 கிலோமீட்டர். வழியில் அங்கங்கே இறங்கி இரை தேடி வந்து சேர்கிறது.

வேட்டங்குடி சரணாலயத்துக்கு வருகிறவர்கள் மரத்துக் கூடுகளில் இருக்கும் பெரிய பறவைகளைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். சேற்றில் ஓடும் பொடிசுகளை யாரும் கண்டுகொள்வதில்லை. என்னைக் கேட்டால், விஷயம் இவற்றிடம்தான் இருக்கிறது.

பர்மாவுக்குக் கப்பலேறிய சீமை இது. பயணம் என்றால் வத்தல், வடகம், ஊறுகாய் என்று மூட்டை கட்டிப் பழகியவர்கள் நாம். பறவையால் மூட்டை தூக்க முடியாது. அதனால் உடம்பையே மூட்டையாக்கிக்கொள்கிறது. கிளம்புவதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்து ஓயாமல் தின்று, தோலுக்கடியில் கொழுப்பாகச் சேர்க்கிறது. ஏன் கொழுப்பு? ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி என்றால் கொழுப்பில் 9. மாவுச்சத்தை உடம்பில் சேமித்தால் அதைப்போல மூன்று மடங்கு தண்ணீரையும் கூடவே சுமக்க வேண்டும். கொழுப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. அதோடு, ஒரு கிராம் கொழுப்பு எரியும்போது ஏறக்குறைய ஒரு கிராம் தண்ணீரும் பிறக்கிறது. கட்டுச்சோறும் அதுவே, கூஜாவும் அதுவே.

இந்த வித்தையில் பெரிய ஆள் பட்டைவால் மூக்கன் என்கிற இன்னொரு கரைப்பறவை. 2022 அக்டோபரில், பிறந்து ஐந்தே மாதமான ஒன்று அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவுக்கு 13,560 கிலோமீட்டரை 11 நாளில் கடந்தது. எங்கும் இறங்கவில்லை. இறங்கவும் வழியில்லை, வாத்தைப்போல் கடலில் மிதந்து இளைப்பாறும் பறவை அல்ல அது. பருந்தைப்போல் சிறகை விரித்தபடி சும்மா மிதப்பதும் கிடையாது. இரவும் பகலும் அடித்துக்கொண்டே போக வேண்டும்.

கிளம்பும்போது அதன் எடையில் பாதிக்குமேல் கொழுப்பாகவே இருக்கும். அவ்வளவு கனத்தோடு எப்படி எழும்புகிறது? வேண்டாததை இறக்கிவைத்துவிட்டுத்தான். கடலுக்கு மேல் சாப்பாடு கிடையாது, பிறகு அடுப்படி எதற்கு? இரைப்பை, குடல், ஈரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் புறப்படுமுன் சுருக்கிவிடுகிறது. நெஞ்சுத் தசையும் இதயமும் பெருத்துவிடுகின்றன. ஆள் வெளியூர் போனபின் மற்றக் கட்டுகளைப் பூட்டிவிட்டு, வேண்டிய அறையை மட்டும் புழங்குகிற நம் பெரிய வீடுகள்தான் நினைவுக்கு வருகின்றன.

வீடு என்றதும் இன்னொன்று. செட்டிநாட்டு வீட்டில் முகப்பு வாசலில் நின்று பார்த்தால் பின்வாசல் நேராகத் தெரியும். ஒரு பக்கம் நுழைந்த காற்று மறுபக்கம் வெளியேறிவிடும். பறவையின் நுரையீரல் அந்த மாதிரி. நம்முடையது ஒற்றைக் கதவு அறை. வந்த வழியாகவே காற்று திரும்ப வேண்டும், பழைய காற்று கொஞ்சம் உள்ளேயே தங்கிப் புதியதோடு கலந்துவிடும். பறவைக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் பைகள் உண்டு. அவை துருத்திபோல் வேலை செய்வதால் நுரையீரலுக்குள் காற்று ஒரே திசையில் ஓடுகிறது. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக்காற்று கிடைக்கிறது.

சரி, போய்ச் சேர்ந்தாயிற்று, உடனே விருந்தா? அதுதான் இல்லை. சுருங்கிய இரைப்பை சிப்பி, நத்தையை அரைக்காது. மென்மையான புழு பூச்சியில் தொடங்க வேண்டும். தின்னத் தின்ன அடுப்படி திரும்ப வளரும்.

நம் கொசு உள்ளானுக்கு அந்தப் புழு பூச்சிதான் எப்போதுமே சாப்பாடு. பங்குனியில் அதே கண்மாய்க்குப் போய்ப் பாருங்கள். சாம்பல் இறகுகளுக்கு நடுவே செம்பழுப்பு ஏறியிருக்கும். தையில் ஒல்லியாக ஓடியது இப்போது குழிப்பணியாரம் மாதிரி உருண்டு திரண்டிருக்கும்.