'யீ ஓல்டு'ன்னு படிக்காதீங்க, அது 'தி ஓல்டு'

லண்டன் ஃப்ளீட் ஸ்ட்ரீட்ல ஒரு பழைய பப் இருக்கு, 1666 பெரிய தீயில எரிஞ்சு அடுத்த வருஷமே திரும்ப கட்டுனது, பேரு போர்டுல ஒய், ஈ, அப்புறம் ஓல்டு செஷயர் சீஸ். பாக்குற எல்லாரும் 'யீ ஓல்டு'ன்னுதான் படிக்கிறாங்க, நானும் ரொம்ப நாளா அப்படித்தான் படிச்சேன். ஆனா அந்த மொத எழுத்து ஒய்யே கிடையாது!

பழைய இங்கிலீஷ்ல 'தார்ன்'னு ஒரு எழுத்து இருந்துச்சு, முள்ளுன்னு அர்த்தம். நேரா ஒரு கோடு, அதுக்கு வலப்பக்கம் நடுவுல ஒரு தொப்பை, அவ்ளோதான். இப்ப டி, ஹெச்னு ரெண்டு எழுத்து போட்டு எழுதுற சத்தத்துக்கு அது ஒண்ணே போதும், நாம 'அது'ன்னு சொல்றப்ப வர்ற து இருக்குல்ல, கிட்டத்தட்ட அந்த சத்தம். கையால எழுதி எழுதி தொப்பை மேல் பக்கம் திறந்துக்கிட்டு ஒய் மாதிரியே ஆயிடுச்சு. 1476ல இங்கிலாந்தோட மொத அச்சுக்காரர் காக்ஸ்டன், லண்டன் பக்கத்துல வெஸ்ட்மின்ஸ்டர்ல அச்சுக்கூடம் போட்டாரு, அப்ப அச்செழுத்து வந்ததெல்லாம் கடல் தாண்டி, அந்த ஊர்கள்ல தார்ன் கிடையாது, அதனால அச்சுக்காரங்க ஒய் போட்டு அது தலை மேல குட்டியா ஒரு ஈ வெச்சாங்க. ஸ்ட்ராட்ஃபோர்டுல ஷேக்ஸ்பியர் கல்லறைக் கல்லுல கூட அப்படித்தான் செதுக்கியிருக்கு. படிச்சவங்க யாரும் யீ-ன்னு படிக்கல, 'தி'ன்னுதான் படிச்சாங்க. நம்ம ஓலைச்சுவடியில புள்ளி வெக்காம, ர-வும் துணைக்காலும் ஒரே மாதிரி எழுதியும் இடம் பாத்து சரியா படிச்சாங்கல்ல, அதே பழக்கம்தான். கடை போர்டுல பழமை காட்ட 'யீ ஓல்டு' போடுற ஃபேஷன் எல்லாம் 19ஆம் நூற்றாண்டு சமாச்சாரம்.

தமிழ்ல இதுக்கு என்ன சொல்றது? 'தி'க்கு நமக்கு தனிச்சொல்லே தேவையில்ல, 'அந்தக் காலத்து'ன்னு சொன்னா அந்த போர்டோட வாசனையே வந்துடும், 'அந்தக் காலத்து டீக்கடை' மாதிரி.

நிஜமான 'யீ' வேற சொல்லு, முன்னால இருக்குற பல பேர கூப்பிடுறது, அப்புறம் மரியாதைக்கு ஒருத்தரையும் கூப்பிட்டாங்க, நம்ம 'நீங்க' மாதிரியே. இதுக்கு சரியான தமிழ் 'நீயிர்', தொல்காப்பியத்துலயே இருக்கு, 'நீவிர்'னும் வரும். ரெண்டு மொழியிலயும் பழசு பேச்சுல இருந்து போயிடுச்சு, ஆனா அயர்லாந்துல இன்னைக்கும் நாலு பேர பாத்து பேசுறப்ப 'யீ'ன்னு சாதாரணமா சொல்றாங்க.