மேட்டூர் மூடிய பிறகும் ஒரு தவளை

மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடுவார்கள். மறுபடி திறப்பது ஜூன் 12-ல். இடைப்பட்ட மாதங்களில் டெல்டா வாய்க்கால்கள் வறண்டு, வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பெரிய வயல் தவளைகள் மண்ணுக்குள் புதைந்து கோடையைக் கழித்துவிடும். ஆனால் குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த வெளிர்பழுப்புத் தவளை? விரல் நுனிகளில் வட்டத் தட்டு இருந்தால் அது மரத்தவளை. ‘பாலிபிடேட்டஸ் மாகுலேட்டஸ்’ என்பது அறிவியல் பெயர். வீட்டில் தேரை என்று விரட்டுவது பெரும்பாலும் இதைத்தான்.

தவளைத் தோல் மெல்லியது. உடம்பின் ஈரம் அதன் வழியே ஓயாமல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அப்படியிருக்க, இது மட்டும் எப்படிக் காய்ந்த சுவரில் பகல் முழுக்கத் தாக்குப்பிடிக்கிறது?

தன்னைத் தானே துடைத்துக்கொள்கிறது. தோலில் உள்ள சுரப்பிகள் கொழுப்பு கலந்த ஒரு வழவழப்பான நீரைக் கசியவிடும். உடனே முன்னங்கால், பின்னங்கால் எல்லாவற்றாலும் தலை, முதுகு, விலா என்று மாற்றி மாற்றித் தேய்த்துப் பரப்பும். கொழுப்பின் ஊடே நீர் எளிதில் கடக்காது என்பதால் ஈரம் போகும் வேகம் குறைகிறது. 1997-ல் வெளியான ஆய்வுகள் இந்தப் பழக்கத்தை விரிவாகவே பதிவு செய்திருக்கின்றன. தென் அமெரிக்காவின் சில இலைத்தவளைகள் மெழுகு பூசி இதைவிடக் கச்சிதமாக ஈரத்தைக் காக்கும். நம்முடையதன் பூச்சு அவ்வளவு கெட்டி இல்லை. அதனால்தான் பூசி முடித்ததும் கால்களை மடக்கி, வயிற்றைச் சுவரோடு அழுத்தி, அசையாமல் உட்கார்ந்துவிடுகிறது. காற்றுபடும் பரப்பு எவ்வளவு குறைவோ அவ்வளவு லாபம். சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள், அது உயிர் பிழைக்கும் வேலை.

மழைக்காலம் வந்ததும் முட்டைக்கும் இதே போல ஒரு காப்பு. பெண் தவளை தான் சுரக்கும் நீரைப் பின்னங்கால்களால் அடித்து நுரையாக்கி, குளத்துக்கு மேலே தொங்கும் இலையிலோ தொட்டிச் சுவரிலோ ஒட்டவைத்து, அதற்குள் முட்டையிடும். வெளிநுரை காய்ந்து ஓடு மாதிரி ஆகிவிடும், உள்ளே ஈரம் நிற்கும். சில நாட்களில் தலைப்பிரட்டைகள் நழுவிக் கீழே தண்ணீரில் விழும்.

அப்புறம், குளியலறைக்கு அது வருவதே தண்ணீருக்காகத்தான். தவளை வாயால் குடிப்பதில்லை. ஈரத்தரையில் அமர்ந்து அடிவயிற்றுத் தோல் வழியே நீரை இழுத்துக்கொள்ளும். தரையில் பினாயில் இருந்தால் அதுவும் அந்த வழியாகவே உடம்புக்குள் போய்விடும். தேய்த்துக் கழுவுவதற்கு முன், ஒரு டப்பாவில் பிடித்து வாழைமரத்தடி நிழலில் விட்டுவிடுங்கள்.